மே மாதத் தவணையும் சிபில் ரிப்போர்ட்டும்

ஜூன் 14 நள்ளிரவோடு விசைப்படகுகளின் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. ராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் படகுகளில் ஐஸ் ஏறத் தொடங்கும் அதே வாரம், வங்கிக் கிளைகளிலும் நிதி நிறுவன வாசல்களிலும் கூட்டம் சேரும். வலை மாற்ற, இன்ஜின் வேலை பார்க்க, பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட என்று எல்லாச் செலவும் ஒன்றாக வந்து நிற்கும் நேரம் அது. பலருக்கு ஒரே வரியில் பதில் கிடைத்துவிடும்: "உங்க சிபில் சரியில்லண்ணே." எந்தக் கடன், எந்த மாதம், எத்தனை நாள் என்று யாரும் சொல்வதில்லை. கேட்பவருக்கும் அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரிவதில்லை.

சிபில் ரிப்போர்ட் என்பது ஒருவர் வாங்கிய கடன்களையும் கட்டிய விதத்தையும் காட்டி, அதற்கு ஒரு மார்க்கும் (ஸ்கோர்) போடும் அறிக்கை. இந்தக் கரையிலிருந்து வரும் ரிப்போர்ட்டுகளை அடுத்தடுத்துப் படிப்பவர்களுக்கு ஒரு விஷயம் சீக்கிரம் பிடிபடும். பெரும்பாலான கோளாறு ஆள் ஏமாற்றியதால் வந்தது அல்ல. கடலுக்குப் பருவம் உண்டு, தவணைத் தேதிக்குப் பருவம் கிடையாது. அந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்த ஓட்டைதான் ரிப்போர்ட்டில் எண்ணாக நிற்கிறது. அதனால் மார்க் எவ்வளவு என்று பார்ப்பதைவிட, எந்த வரியில் எந்த எண் நிற்கிறது என்று பார்ப்பதுதான் பயன் தரும்.

நாம் "சிபில்" என்று சொல்வது ஒரு நிறுவனத்தின் பெயர். ஸெராக்ஸ் மாதிரி அதுவே பொருளுக்கும் பெயராகிவிட்டது. 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் ரிசர்வ் வங்கியிடம் பதிவு பெற்று நான்கு நிறுவனங்கள் இயங்குகின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். நான்கும் 300 முதல் 900 வரை மார்க் போடுகின்றன. ஆனால் ஒருவருக்கே ஒன்றில் 742, இன்னொன்றில் 698 என்று வரலாம். ஒவ்வொன்றின் கணக்கு முறையும் வேறு. கடன் கொடுத்தவர்கள் அனுப்பிய தகவல் பதிவாகும் நாளும் வேறு. எந்தச் சூத்திரமும் முழுமையாக வெளியில் கிடையாது. "இத்தனை ரூபாய் கட்டினால் இத்தனை மார்க் ஏறும்" என்று எவராவது கணக்குச் சொன்னால் நம்பாதீர்கள்.

ரிப்போர்ட்டை எடுக்கப் பணம் தேவையில்லை. நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை, மார்க்குடன் கூடிய முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2016-லேயே உத்தரவிட்டது. அந்தந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் பான் எண், பிறந்த தேதி, கைபேசி எண் கொடுத்து ஓடிபி போட்டால் வந்துவிடும். நடுவில் மாதச் சந்தா, ஆண்டுச் சந்தா என்று பக்கம் பக்கமாக வரும். அவற்றைத் தாண்டி, சின்ன எழுத்தில் இருக்கும் இலவசப் பக்கத்துக்குப் போக வேண்டும். நீங்களே உங்கள் ரிப்போர்ட்டை எடுப்பதால் மார்க் குறையாது. கடன் கேட்டு விண்ணப்பித்து, அந்த நிறுவனம் எடுத்துப் பார்க்கும்போதுதான் "விசாரணை" என்று ஒரு வரி ஏறும். ஒரே வாரத்தில் ஐந்து இடத்தில் விண்ணப்பித்தால் ஐந்து வரி. ஆறாவதாகப் பார்ப்பவருக்கு அது தவிப்பாகத் தெரியும்.

கட்டம் கட்டமாக நிற்கும் எண்கள்

ரிப்போர்ட்டில் ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாதவாரியாகக் கட்டங்கள் இருக்கும், பெரும்பாலும் 36 மாதத்துக்கு. ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று இலக்கம். 000 என்றால் பாக்கி இல்லை. 026 என்றால், கட்டாமல் நிற்கும் மிகப் பழைய தவணைக்கு 26 நாள் ஆகிறது என்று பொருள். எக்ஸ்எக்ஸ்எக்ஸ் என்றால் அந்த மாதம் தகவல் வரவில்லை, அதற்குப் பயப்பட வேண்டாம். சில கடன்களில் எண்ணுக்குப் பதில் எழுத்து இருக்கும். எஸ்டிடி என்றால் ஒழுங்கு, எஸ்எம்ஏ என்றால் எச்சரிக்கை, எஸ்யூபி என்றால் 90 நாள் தாண்டி வாராக்கடன் ஆகிவிட்டது.

இப்போது தடைக்காலத்தைப் பொருத்திப் பாருங்கள். தவணைத் தேதி மாதத்தின் 5 என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் தவணையைக் கட்டியாயிற்று. மே 5-ம் ஜூன் 5-ம் படகு கரையில் நிற்கும் நாட்கள். இரண்டும் விட்டுப் போகின்றன. மே 31 கட்டத்தில் 026. ஜூன் 30 கட்டத்தில் 056. ஜூன் 15-க்குப் பிறகு வரும் முதல் பாட்டுப் பணம் (மீன்பிடிப்பில் கிடைத்த பணம்) டீசலுக்கும் வியாபாரியின் முன்பணத்துக்கும் போய், ஜூலைத் தவணையும் விட்டால் ஜூலை 31-ல் 087. ஆகஸ்ட் 3 அன்று 90 நாள் நிறைந்து, கணக்கு வாராக்கடன் ஆகிறது. 61 நாள் தடை, 90 நாள் கெடு. நடுவில் இருப்பது ஒரு மாதத்துக்கும் குறைவான இடைவெளி. இந்தக் கரையில் கடன் வாங்கிய ஒவ்வொருவரும் இந்த ஒரு கணக்கைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இதைவிட அதிகம் பேரைக் குழப்புவது இன்னொன்று. "ரெண்டு மாசம் விட்டது உண்மைதாண்ணே. ஜூலையில இருந்து ஒரு மாசம்கூட விடல. பெறகும் ஏன் 056, 057ண்டே காட்டுது?" என்பார்கள். கையில் ரசீதும் இருக்கும். அவர்கள் சொல்வது பொய்யில்லை, ரிப்போர்ட்டும் பொய்யில்லை. நீங்கள் ஜூலையில் கட்டிய பணத்தை வங்கி ஜூலைத் தவணைக்கு வைத்துக்கொள்வதில்லை. மிகப் பழைய பாக்கியான மே தவணைக்கு வைக்கிறது. ஜூலை 31 அன்று கட்டப்படாமல் நிற்பது ஜூன் 5 தவணை. எனவே 056. ஆகஸ்டில் கட்டியது ஜூனுக்குப் போகும், ஜூலை 5 நிற்கும், 057. செப்டம்பரில் மறுபடி 056. மாதம் தவறாமல் கட்டிக்கொண்டே இருப்பீர்கள், கட்டம் மாறாமல் அப்படியே ஓடும். இரண்டு மாதம் விட்டவர் ரிப்போர்ட்டில் பன்னிரண்டு மாதம் விட்டவரைப் போலத் தெரிவார்.

இதற்கு ஒரே மருந்து, ஒரு மாதத்திலாவது இரட்டைத் தவணை கட்டுவது. இரண்டு தவணை பாக்கி என்றால் ஏதாவது இரண்டு மாதங்களில் இரட்டையாகக் கட்டி அந்த வாலை வெட்ட வேண்டும். நல்ல பாடு கிடைத்த வாரத்தில், புதுப் பொருள் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய காரியம் இது. கட்டப் போகும்போது "மொத்தப் பாக்கி எவ்வளவு" என்று எழுத்தில் கேளுங்கள். செக் திரும்பியதற்கான கட்டணம், தாமதக் கட்டணம், அதற்கு ஜிஎஸ்டி என்று சில நூறு ரூபாய் ஒட்டிக்கொண்டிருக்கும். தவணைத் தொகையை மட்டும் கட்டினால் அந்தச் சில நூறு நிலுவையில் நிற்கலாம்.

வாராக்கடனாக மாறிய பிறகு கதை இன்னும் கடினம். 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொன்னது: நின்றுபோன அசலும் வட்டியும் முழுவதுமாகக் கட்டப்பட்ட பிறகுதான் கணக்கு ஒழுங்கு நிலைக்குத் திரும்பும். ஒரு தவணையைக் கட்டி எஸ்யூபி-யிலிருந்து வெளியே வர முடியாது. அதனால்தான் ஆகஸ்ட் 3 அவ்வளவு முக்கியம். படகு எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அக்கரையில் நிற்பவர்கள், இன்ஜின் உடைந்தவர்கள் எல்லாரும் 90 நாளுக்குள் கிளைக்குப் போய் எழுத்தில் நிலைமையைச் சொல்லித் தவணையை மாற்றி அமைக்கக் கேட்க வேண்டும். மாற்றியமைத்தால் அதுவும் ரிப்போர்ட்டில் குறிப்பாக ஏறும், மார்க்கும் பாதிக்கும். இருந்தாலும் எஸ்யூபி-யைவிட அது தேவலை.

பிப்ரவரியில் செய்ய வேண்டியது

தடைக்காலத்துக்கு முன்பே இரண்டு தவணையைக் கட்டிவைத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. நல்ல எண்ணம்தான், அதில் ஒரு குழி இருக்கிறது. மார்ச்சில் கூடுதலாகக் கட்டும் பணத்தைப் பல நிறுவனங்கள் அசலில் கழித்துவிடும். கடன் குறையும், ஆனால் மே 5 தவணை அப்படியே வரும். கணக்கில் பணம் இல்லாமல் தானியங்கிப் பிடித்தம் திரும்பும், அபராதமும் ஏறும். "அசலில் கழிக்க வேண்டாம், மே, ஜூன் தவணைக்கான முன்பணமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதிக் கொடுத்து, ஒப்புதல் வாங்கினால்தான் அது வேலை செய்யும். பல இடங்களில் அப்படி வைத்துக்கொள்ள வழியே இல்லை என்பார்கள்.

அதைவிட எளிய வழி, தவணை பிடிக்கும் அந்தச் சேமிப்புக் கணக்கிலேயே பணத்தைக் கிடப்பில் போடுவது. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மூன்று மாதமும் ஒவ்வொரு பாட்டிலிருந்தும் எடுத்து வைத்து, ஏப்ரல் 14-க்குள் இரண்டு முழுத் தவணையும் 500 ரூபாயும் அந்தக் கணக்கில் இருக்க வேண்டும். அந்தக் கணக்கின் ஏடிஎம் கார்டை வீட்டுக்காரரிடம் கொடுக்கக் கூடாது. இதைப் பெண்கள் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள், ஆனால் தப்பாமல் வேலை செய்யும் யோசனை. தடைக்கால நிவாரணம் வரும் கணக்கும் இதுவும் வேறு வேறாக இருப்பது நல்லது. நிவாரணம் எந்த நாளில் வரும் என்று உறுதியில்லை, அதை நம்பித் தவணையை வைக்க முடியாது.

நாட்டுப்படகுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் தென்கடலில் கச்சான் காற்று எழும் மாதங்களும் வடகடலில் வாடை எழும் மாதங்களும் தடைக்காலம்போலத்தான். கணக்கு ஒன்றே, மாதம் மட்டும் மாறும். புதுக் கடன் வாங்கும்போதே தவணைத் தேதியை, வியாபாரி கணக்கு முடிக்கும் நாளுக்கு மூன்று நான்கு நாள் தள்ளி வைக்கக் கேளுங்கள். கேட்டால் கிடைக்கக்கூடிய சலுகை இது, யாரும் கேட்பதில்லை.

வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் பற்றியும் ஒரு வார்த்தை. இருபது வருடம் நாணயமாக மீனைப் போட்டு முன்பணத்தைக் கழித்தவருக்கு ஊரில் பெயர் இருக்கும். ரிப்போர்ட்டில் அது ஒரு எழுத்துக்கூட ஏறாது. கந்துவட்டியும் ஏறாது, சீட்டும் ஏறாது. கடையில் முகம் பார்த்துக் கொடுத்த காலத்து நாணயம் கம்ப்யூட்டருக்குப் புரியாது. புரிய வேண்டுமானால் சின்னதாக ஒரு முறைப்படியான கடன் வேண்டும். மீனவர்களுக்கும் 2018-19 முதல் கிசான் கிரெடிட் கார்டு உண்டு. 7 சதவீத வட்டி, கெடுவுக்குள் திருப்பினால் அதில் 3 சதவீதம் குறையும். அரசு கொடுத்த பணம் என்று நினைத்துப் புதுப்பிக்காமல் விட்டவர்களின் ரிப்போர்ட்டில் அதுதான் மிக மோசமான வரியாக நிற்கிறது. அது மானியம் அல்ல, கடன்.

நகைக்கடன் வரிகள்

ரிப்போர்ட்டை முதல் முறை பார்க்கும் பெண்கள் பதறுவது இங்கேதான். "எனக்கு இருபத்தி ரெண்டு கடன் இருக்குண்டு காட்டுதே!" பதற வேண்டாம். ஒவ்வொரு முறை அடகு வைக்கும்போதும் அது புதுக் கணக்கு. வட்டியைக் கட்டி மறு அடகு வைத்தால் பழையது முடிந்து இன்னொன்று பிறக்கும். ஒரே சங்கிலி ஐந்து வருடத்தில் ஏழு வரியாக நிற்கலாம். பார்க்க வேண்டியது எண்ணிக்கையை அல்ல, ஒவ்வொன்றிலும் "முடிந்த தேதி" இருக்கிறதா, நிலுவை பூஜ்யமா என்பதை. நகையை மீட்டு வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் ரிப்போர்ட்டில் திறந்தே கிடக்கும் வரிகள் நிறைய. மீட்ட ரசீதை எறியாமல் வைத்திருப்பவர்களுக்கு அதைச் சரிசெய்வது சுலபம்.

நகைக்கடனில் இன்னொரு பொறி, ஓராண்டுக் கெடு. மாதத் தவணை இல்லாததால் பன்னிரண்டு கட்டமும் 000 என்று அழகாக ஓடும். கெடு முடிந்த மறுநாளிலிருந்து முழுத் தொகையும் பாக்கியாக எண்ணப்படும். நினைவூட்டல் கடிதம் பழைய முகவரிக்கும் குறுஞ்செய்தி தொலைந்த சிம்முக்கும் போயிருக்கும். அடகுச் சீட்டில் உள்ள கெடு தேதியைக் காலண்டரில் சுழித்து வைப்பதைவிடச் சிறந்த வழி இல்லை. ஏலம் போய்விட்டால், கடனும் செலவும் போக மிஞ்சிய பணம் உங்களுடையது. கணக்கை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2021-ல் கூட்டுறவு நிறுவனங்களில் 5 பவுன் வரையிலான நகைக்கடனை அரசு தள்ளுபடி செய்தபோது பயன்பெற்றவர்களும், அந்த வரி ரிப்போர்ட்டில் இருந்தால் பூஜ்ய நிலுவையோடு முடிந்திருக்கிறதா என்று ஒரு முறை பார்ப்பது நல்லது.

தள்ளுபடி என்றதும் நினைவுக்கு வருகிறது. தமிழில் பேசும் வழக்கே நம்மைக் கவிழ்க்கும் இடங்கள் இரண்டு. அரசு கடனைத் தள்ளுபடி செய்தால் கடன் போய்விட்டது. வங்கி தன் புத்தகத்தில் ஒரு கடனை "ரிட்டன் ஆஃப்" என்று எழுதினால் செய்தித்தாள் அதையும் தள்ளுபடி என்றே எழுதுகிறது. ஆனால் அந்தக் கடன் போகவில்லை. வசூலிக்கும் உரிமையும் உயிரோடு இருக்கிறது, ரிப்போர்ட்டில் அது மிகப் பெரிய கறை. இரண்டாவது, "செட்டில்". நம் பேச்சில் "செட்டில் பண்ணிட்டேன்" என்றால் மிச்சமில்லாமல் முடித்துவிட்டேன் என்று பொருள். ரிப்போர்ட்டில் "செட்டில்டு" என்றால் நேர் எதிர். கட்ட வேண்டியதில் குறைத்துக் கொடுத்தார், மிச்சத்தை நாங்கள் விட்டுக்கொடுத்தோம் என்று பொருள். 40,000 பாக்கிக்கு 22,000 கட்டினால் போதும் என்று கைபேசியில் கூப்பிட்டுச் சொல்பவர், மிச்ச 18,000 வரியாக நிற்கும் என்பதைச் சொல்வதில்லை. வேறு வழியே இல்லாதவர் ஒத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் பின்னால் மிச்சத்தைக் கட்டி, நிலுவையின்மைச் சான்று வாங்கி, "முடிந்தது" என்று மாற்றச் சொல்லிக் கேட்க முடியும் என்பதைத் தெரிந்துகொண்டு ஒத்துக்கொள்ள வேண்டும்.

குழுக்கடன்

வாரத் தவணைக் குழுக்கடனில் கூட்டாகப் பொறுப்பேற்றாலும், ரிப்போர்ட்டில் ஏறுவது தனித்தனிப் பெயரில். கடலோரக் கிராமங்களில் நடக்கும் கோளாறு பெரும்பாலும் இப்படி இருக்கும்: வசூலுக்கு வருபவர் வரும் நேரத்தில் நீங்கள் பாசி எடுக்கவோ கருவாடு போடவோ போயிருப்பீர்கள், பணத்தைக் குழுத் தலைவியிடம் கொடுத்துவிட்டுப் போவீர்கள். அன்று யாரோ ஒருவர் கட்டாததால் உங்கள் பணம் அவர் பெயரில் ஈடுகட்டப்பட்டிருக்கும். குழுவின் மொத்தக் கணக்கு நேராகிவிடும், உங்கள் கட்டம் கோணலாகிவிடும். இதற்காக அக்கா தங்கைக்குள் சண்டை வேண்டாம், அட்டை வேண்டும். பணம் கொடுத்த அன்றே உங்கள் கடன் அட்டையில் கையெழுத்து விழ வேண்டும். அட்டை வீட்டில் இருந்தால், கொடுத்தனுப்பிய பணத்துக்கு உங்கள் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்ததா என்று அன்று இரவே பாருங்கள்.

2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடில்லாமல் கொடுப்பதுதான் நுண்கடன். குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இதைக் கணக்கிட நிறுவனம் உங்கள் ரிப்போர்ட்டைத்தான் பார்க்கும். முடிந்துபோன குழுக்கடன் திறந்தபடி நின்றால், அந்தப் பாதி ஏற்கனவே நிரம்பிவிட்டதாகக் காட்டும். கடன் மறுக்கப்படும். குழுக்கடன் எந்த ரிப்போர்ட்டில் தெளிவாகத் தெரியும் என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. சிபில் ஒன்றை மட்டும் பார்த்து நிறுத்தாமல் கிரிஃப் ஹை மார்க்கையும் எடுத்துப் பாருங்கள்.

பெயரும் பிறந்த நாளும்

ராமேஸ்வரம் தீவில் நம்புநாயகி அம்மன் பெயரில் நம்புராஜன், நம்புவேல், நம்புச்சாமி என்று தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். மேற்கே போனால் முனியசாமிகள், கீழக்கரைப் பக்கம் செய்யது இப்ராஹிம்கள், ஓலைக்குடா, தங்கச்சிமடம் பக்கம் அந்தோணிகள். வயதானவர்களில் பலருக்குப் பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் வைத்த பிறந்த நாள்தான். கதவு எண் இல்லாத முகவரி, ஒரே பின்கோடு. இதோடு நம் இனிஷியல் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பான் அட்டையில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராக நிற்கும், வாக்காளர் அட்டையில் ஓர் எழுத்தாக இருக்கும், ஆதாரில் பின்னால் போயிருக்கும். பான் எண் கொடுக்காமல் வாங்கிய பழைய கடன்களில் கம்ப்யூட்டர் பெயரையும் நாளையும் ஊரையும் வைத்து ஆளைப் பொருத்துகிறது. அப்போது இன்னொரு நம்புராஜனின் டிராக்டர் கடன் உங்கள் ரிப்போர்ட்டில் வந்து உட்கார்ந்துவிடும். உங்கள் நல்ல கடன் அவருடையதில் போய்ச் சேரும்.

அதனால் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தைத் தாண்டிப் போகாதீர்கள். பான் எண், பிறந்த நாள், கைபேசி எண்கள், முகவரிகள் என்று வரிசையாக இருக்கும். போகாத ஊரின் முகவரி ஒன்று அதில் இருந்தால், கீழே உங்களுடையது அல்லாத கடனும் பெரும்பாலும் இருக்கும். ஒன்றில் மட்டும் அவசரப்படக் கூடாது. தெரியாத நிறுவனப் பெயர் எல்லாம் மோசடி அல்ல. கைபேசிச் செயலி வழியாக வாங்கிய 3,000, 5,000 ரூபாய்க் கடனில், ரிப்போர்ட்டில் செயலியின் பெயர் இருக்காது, பின்னால் நின்று பணம் கொடுத்த நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கும். கடையில் தவணைக்கு வாங்கிய செல்போனும் அப்படித்தான். கடன் தொகையையும் தொடங்கிய தேதியையும் வங்கிப் பாஸ்புக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பாதி மர்மம் தீர்ந்துவிடும்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வேறு ஒரு வகை. வட்டி ஆகாது என்று ஆயுளில் ஒரு கடனும் வாங்காதவர்கள், ரொக்கத்தில் வீடு கட்டியவர்கள். அவர்கள் ரிப்போர்ட்டை எடுத்தால் மார்க் இருக்கும் இடத்தில் "வரலாறு இல்லை" என்று வரும், அல்லது கழித்தல் ஒன்று என்று வரும். அது கெட்ட மார்க் அல்ல, மார்க்கே இல்லை. முதல் முறை கடன் கேட்பவரை, கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2025 ஜனவரி வழிகாட்டுதல் சொல்கிறது. மகன் படிப்புக்காகவோ கடைக்காகவோ கேட்கும்போது இதை எடுத்துச் சொல்லலாம்.

சபுரில் (வெளிநாட்டில்) இருப்பவர்களுக்கு வரும் சிக்கல் இதற்கு நேர்மாறு. ஊரில் இருந்தபோது யாரோ வற்புறுத்தி வாங்கவைத்த கிரெடிட் கார்டு அலமாரியில் கிடக்கும். 500 ரூபாய் ஆண்டுக் கட்டணம், ஜிஎஸ்டியோடு 590. ஊர் சிம் செத்திருக்கும், பில் எங்கோ போயிருக்கும். மூன்று வருடம் கழித்து வந்து வீட்டுக்கடன் கேட்டால், 590 ரூபாய் வட்டியும் அபராதமும் சேர்ந்து பெருத்து, 900 நாள் பாக்கியாக நிற்கும். விமானம் ஏறும் முன் கார்டை மூடச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள். பாக்கி இல்லாத கார்டை 7 வேலை நாளில் மூட வேண்டும் என்பது விதி. தாண்டினால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். கார்டு பயன்படுத்துபவர்களுக்கு இன்னொரு சின்ன ஆறுதல்: கெடு தேதிக்குப் பிறகு மூன்று நாளுக்கு மேல் போனால்தான் பாக்கி என்று அனுப்ப முடியும். அந்த மூன்று நாளைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.

ஜாமீன் கையெழுத்தும் கல்விக்கடனும் இதே கணக்குத்தான். மச்சானுக்குப் போட்ட ஜாமீன் உங்கள் ரிப்போர்ட்டிலும் ஒரு வரி. மகளின் கல்விக்கடனில் அப்பாவும் கடன்காரர், படிப்பு முடிந்து தவணை தொடங்கும் மாதத்தை இருவரும் குறித்துவைக்க வேண்டும்.

தப்பு இருந்தால்

கடன் தகவல் நிறுவனத்தின் இணையதளத்தில், ரிப்போர்ட்டின் மேலே உள்ள கட்டுப்பாட்டு எண்ணைப் போட்டு, தவறான வரியைத் தேர்ந்து ஆட்சேபம் பதிவு செய்யலாம். கட்டணம் இல்லை. அவர்கள் தாமாக ஒரு புள்ளியைக்கூட மாற்ற மாட்டார்கள், கடன் கொடுத்த நிறுவனத்திடம் கேட்டு, அது ஒப்புக்கொண்டால்தான் மாற்றுவார்கள். எனவே அதே நாளில் கடன் கொடுத்த கிளைக்கும் கடிதம் போக வேண்டும். அதில் கடன் எண், எந்த மாதக் கட்டம், என்ன எண் நிற்கிறது, என்ன இருக்க வேண்டும் என்று எழுதி, ரசீது அல்லது நிலுவையின்மைச் சான்றின் நகலை இணைத்து, உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். "என் சிபிலைச் சரிசெய்து தரவும்" என்று மட்டும் எழுதிய கடிதத்தால் பயன் இல்லை. எதைச் சரிசெய்வது என்று அவர்களுக்கும் தெரியாது.

முத்திரைத் தேதி ஏன் முக்கியம் என்றால், 2024 ஏப்ரல் 26 முதல் கெடு ஓடுகிறது. புகார் கொடுத்த 30 நாளில் முடிக்க வேண்டும். கடன் கொடுத்தவர் 21 நாளுக்குள் திருத்திய தகவலை அனுப்ப வேண்டும். 30 நாள் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு, தாமதம் யாருடையதோ அவர் தர வேண்டும். தேதி இல்லாத புகாருக்கு முப்பதாவது நாள் எது என்று யார் சொல்வது? பதில் வரவில்லை அல்லது திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) இணையத்தில் புகார் செய்யலாம். கடன் தகவல் நிறுவனங்களும் 2022 செப்டம்பர் முதல் அதன் வரம்புக்குள் வந்துவிட்டன. 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம். வாங்காத கடன் உங்கள் பெயரில் இருந்தால், இவற்றோடு 1930 எண்ணில் சைபர் குற்றப் புகாரும் சேர வேண்டும்.

2025 ஜனவரி முதல், கடன் கொடுத்தவர்களிடமிருந்து இந்த நிறுவனங்களுக்குக் குறைந்தது 15 நாளுக்கு ஒரு முறையாவது தகவல் போகிறது. கட்டி முடித்த மூன்றாவது நாளே ரிப்போர்ட்டைப் பார்த்து ஆட்சேபம் போடாதீர்கள், ஒரு மாதம் விட்டுப் பாருங்கள்.

ராமநாதபுரம் பேருந்து நிலையச் சுவர்களிலும் கைபேசியிலும் "சிபில் கிளீன் செய்து தரப்படும்" என்ற விளம்பரம் கண்ணில் படும். அவர்கள் செய்வது மேலே சொன்ன அதே இலவச ஆட்சேபம்தான். உண்மையான பாக்கியை எவரும் அழிக்க முடியாது. கூடவே உங்கள் பான், ஆதார் நகல், ஓடிபி எல்லாம் அவர்கள் கையில் போகும்.

நான்கு நிறுவனத்திலும் ஆண்டுக்கு ஒவ்வொன்று இலவசம் என்பதால், நான்கையும் ஒரே நாளில் எடுத்துத் தீர்க்க வேண்டாம். பிப்ரவரியில் ஒன்று. தப்பு இருந்தால் ஏப்ரல் 15-க்குள் திருத்த நேரம் கிடைக்கும். ஆகஸ்ட் முடிவில் ஒன்று. மே, ஜூன் கட்டங்களில் என்ன எண் விழுந்திருக்கிறது, வால் வெட்டுப்பட்டதா என்று அதில் தெரியும். வாடைக்கு முன் ஒன்று. நான்காவதை எடுக்காமல் வைத்திருங்கள். எங்காவது "சிபில் சரியில்லை" என்று திருப்பி அனுப்பினால், அவர்கள் எந்த நிறுவனத்தின் ரிப்போர்ட்டைப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். மிச்சம் வைத்தது அந்த நிறுவனத்தினுடையதாக இருந்தால், அன்று மாலையே எடுத்து, அவர்கள் பார்த்த அதே வரியை நீங்களும் பார்த்துவிடலாம்.